எண்ணோடு அலகும் சேர்ந்து போகட்டும்: அறிவியல் கோப்புகளில் பண்புக்கூறு வந்த கதை



முதலில் இந்த எண்களைக் கொஞ்சம் பாருங்கள்: 301.2, 301.5, 300.9, -9999, 301.1. இவை எதைக் குறிக்கின்றன? காற்றின் வெப்பநிலையைக் கெல்வினில் எழுதியிருந்தால், இது நம்ம ஊரின் சாதாரண 28 பாகை செல்சியஸ். வளிமண்டல ஓசோன் அளவை டாப்சன் அலகில் எழுதியிருந்தாலும் இதே 301 வரும். அதுவும் சாதாரண அளவுதான். நடுவில் இருக்கும் -9999 என்ன? அளவீடு கிடைக்காத இடத்தில் நிரப்பிய எண் என்று நாம் ஊகிக்கிறோம். ஆனால் ஊகம்தான். அதை அறியாத ஒரு நிரல் சராசரி எடுத்தால், விடை கழிக்குறியில் போய் நிற்கும்.

அறிவியல் ஆய்வுக்கூடத்தில் அட்டவணையின் தலைப்பில் அலகு எழுதாமல் விட்டால் மதிப்பெண் போச்சு என்று எல்லா ஆசிரியரும் சொல்வோம். மாணவர்கள் அதை ஆசிரியரின் கண்டிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். ஆய்வாளர்களுக்கு இது கண்டிப்பு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. எண் ஒரு இடத்திலும் அதன் விளக்கம் வேறு இடத்திலும் கிடந்ததால் அவர்கள் இழந்தது அதிகம். விளக்கத்தை எண்ணோடு ஒரே கோப்புக்குள் வைப்பது எப்படி என்று கண்டுபிடிக்கவே பல ஆண்டுகள் ஆயின. அந்த விளக்கத்துக்குத்தான் மெட்டாடேட்டா என்று பெயர். தமிழில் மீத்தரவு என்கிறோம். அதன் ஒவ்வொரு துண்டும் ஒரு அட்ரிபியூட், அதாவது பண்புக்கூறு.

நாடாவும் அட்டையும்

1970-களில் ஒரு வானாய்வு நிலையம் இன்னொன்றுக்குப் படம் அனுப்ப வேண்டுமானால், காந்த நாடாவில் பதிந்து அஞ்சலில் அனுப்பும். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒவ்வொரு வடிவம். நாடாவைப் பெற்றவர் அதைப் படிக்கவே தனி நிரல் எழுத வேண்டும். அமெரிக்காவின் கிட் பீக் வானாய்வகத்தைச் சேர்ந்த டான் வெல்ஸ், தேசிய வானொலி வானியல் ஆய்வகத்தின் எரிக் கிரைசன், நெதர்லாந்தில் பணியாற்றிய ரான் ஹார்ட்டன் ஆகியோர் இதற்கு ஒரு பொது வடிவம் அமைத்தார்கள். 1979-இல் அடிப்படை உடன்பாடு ஆயிற்று. 1981-இல் கட்டுரை வெளிவந்தது. 1982-இல் அனைத்துலக வானியல் ஒன்றியம் ஏற்றுக்கொண்டது. அதன் பெயர் ஃபிட்ஸ்.

ஃபிட்ஸ் கோப்பின் தலைப்பகுதியை யார் வேண்டுமானாலும் கண்ணால் படிக்கலாம். ஒவ்வொரு வரியும் சரியாக 80 எழுத்து. முதல் 8 எழுத்தில் பண்புக்கூறின் பெயர், பிறகு சமக்குறி, பிறகு மதிப்பு, வேண்டுமானால் ஒரு சிறு குறிப்பு. கடைசி வரியில் 'எண்ட்' என்ற சொல். ஏன் 80? அந்தக் காலத்துத் துளை அட்டையில் 80 நெடுவரிசை. அட்டை மறைந்து போனது, ஆனால் இன்று விண்வெளித் தொலைநோக்கிகள் அனுப்பும் படங்களிலும் அந்த 80 உயிரோடு இருக்கிறது.

கணித ஆசிரியர்களுக்குப் பிடிக்கும் ஒரு விவரம் இதில் உண்டு. ஃபிட்ஸ் கோப்பு 2880 பைட் கொண்ட தொகுதிகளாகப் போகும். அதாவது 36 அட்டைகள். இந்த 2880 எங்கிருந்து வந்தது? 2880-ஐ 8-ஆல் பெருக்கினால் 23040 பிட். இந்த எண்ணை 16, 18, 24, 32, 36, 48, 60, 64 ஆகிய எல்லாவற்றாலும் மீதியின்றி வகுக்கலாம். அன்றைய கணினிகளில் ஒரு 'சொல்' 36 பிட்டாகவும் இருந்தது, 60 பிட்டாகவும் இருந்தது. எந்தக் கணினிக்குப் போனாலும் தொகுதி பிசகாமல் பொருந்தட்டும் என்று பொது மடங்கு பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். மீச்சிறு பொது மடங்கு எதுக்குச் சார் படிக்கணும்னு கேட்கும் மாணவனுக்கு இதைச் சொல்லலாம்.

கொடி போட்ட எண்கள்

வானியல்காரர்கள் வழி கண்டுகொண்டார்கள். வளிமண்டல ஆய்வாளர்களோ இன்னும் திணறிக்கொண்டிருந்தார்கள். 1978-இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 துணைக்கோளில் டாம்ஸ் என்ற ஓசோன் அளவுமானி இருந்தது. தரவைச் செயலாக்கிய நிரல், 180 டாப்சன் அலகுக்குக் கீழே வந்த எண்களுக்கு 'ஐயத்துக்குரியது' என்று கொடி போட்டது. அவ்வளவு குறைந்த அளவு இயற்கையில் வராது என்பது அன்றைய நம்பிக்கை.

இதற்கிடையில் அண்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்தில், பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் தரையிலிருந்தே 1957 முதல் ஓசோனை அளந்து வந்தார்கள். அக்டோபர் மாத அளவு ஆண்டுக்கு ஆண்டு சரிவதை ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகிய மூவரும் 1985 மே மாதம் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். உலகம் திகைத்தது. துணைக்கோள் இதைப் பார்க்கவே இல்லையா?

பார்த்தது. இங்கேதான் பாடநூல்களிலும் காணொலிகளிலும் ஒரு தவறு பரவியிருக்கிறது: 'கணினி அந்த எண்களைத் தூக்கி எறிந்துவிட்டது' என்பார்கள். எறியவில்லை. கொடிதான் போட்டது, எண்கள் பத்திரமாக இருந்தன. அதனால்தான் நாசா ஆய்வாளர்கள் அவற்றை மீண்டும் செயலாக்கி, 1986-இல் ஓசோன் துளை கண்டம் அளவுக்குப் பரந்திருப்பதைக் காட்ட முடிந்தது. கட்டுரை எழுதும் மாணவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 'இந்த எண் சந்தேகம்' என்று பக்கத்தில் எழுதி வைப்பது மீத்தரவு. எண்ணையே அழிப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் வரலாறே மாறிப்போகும்.

போல்டர் நகரில் ஒரு சி நிரல்

1980-களின் நடுவில் நாசாவின் காடர்ட் மையத்தில் சிடிஎஃப் என்ற பொதுத் தரவு வடிவம் உருவானது. அதை ஃபோர்ட்ரான் மொழியில், வாக்ஸ் கணினிகளுக்காக எழுதியிருந்தார்கள். கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் இருந்த யுனிடேட்டா மையம், பல்கலைக்கழகங்களுக்கு வானிலைத் தரவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைச் செய்தது. அந்தப் பல்கலைக்கழகங்களில் வாக்ஸும் இருந்தது, யூனிக்ஸ் கணினிகளும் இருந்தன. ஒரே எண்ணை ஒரு கணினி இடமிருந்து வலமாக அடுக்கும், இன்னொன்று வலமிருந்து இடமாக அடுக்கும். ஒன்றின் கோப்பை மற்றொன்று அப்படியே படிக்க முடியாது.

1988 தொடக்கத்தில் யுனிடேட்டாவின் கிளென் டேவிஸ் சி மொழியில் ஒரு மாதிரி நிரல் எழுதினார். சன் நிறுவனம் வகுத்திருந்த எக்ஸ்டிஆர் என்ற பொது அடுக்கு முறையின் மேல் அதை அமைத்தார். எந்தக் கணினியில் எழுதினாலும் கோப்பில் ஒரே வரிசையில்தான் பதியும். சான் டியேகோவில் ஒரு நிறுவனத்தின் ஜோ ஃபேல் என்பவரும் தனியாக இதே போன்ற வேலையைச் செய்திருந்தார். இந்த எண்ணங்கள் எல்லாம் சேர்ந்து நெட்சிடிஎஃப் ஆயிற்று. ரஸ் ரூவும் கிளென் டேவிஸும் 1990-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்.

அமைப்பு மிக எளிது. பரிமாணங்கள், மாறிகள், பண்புக்கூறுகள், அவ்வளவுதான். பரிமாணம் அட்டவணையின் நீள அகலத்தைச் சொல்லும். மாறியில் எண்கள் இருக்கும். பண்புக்கூறு அந்த எண்களைப் பற்றிப் பேசும். பண்புக்கூறை ஒரு மாறியோடு ஒட்டலாம், அல்லது முழுக் கோப்புக்கும் பொதுவாக ஒட்டலாம். 'வெப்பநிலை' என்ற மாறியில் 'யூனிட்ஸ்' என்ற பண்புக்கூறு, அதன் மதிப்பு 'கெல்வின்'. கோப்பை யாருக்கு அனுப்பினாலும் அலகு கூடவே போகும்.

சி மொழியில் எப்படி எழுதுவது?

கணினி அறிவியல் மாணவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். செயற்கூறுகளின் பெயரை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன். நிரலில் சொற்களுக்கு நடுவில் அடிக்கோடு வரும்.

'என்சி கிரியேட்' என்று கூப்பிட்டால் கோப்பு பிறக்கும், வரையறை நிலையில் இருக்கும். அந்த நிலையில் பரிமாணம், மாறி, பண்புக்கூறு எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டும். எழுத்தாக உள்ள பண்புக்கூறுக்கு 'என்சி புட் ஆட் டெக்ஸ்ட்'. எண்ணாக இருந்தால் 'என்சி புட் ஆட் ஃப்ளோட்', 'என்சி புட் ஆட் டபுள்' என்று வகைக்கு ஒன்று. முடிந்ததும் 'என்சி எண்ட்டெஃப்'. அதன் பிறகுதான் எண்களை எழுதலாம். ஒவ்வொரு செயற்கூறும் ஒரு முழு எண்ணைத் திருப்பித் தரும். பூஜ்யம் வந்தால் சரி, வேறு எது வந்தாலும் பிழை. அதைப் பார்க்காமலே அடுத்த வரிக்குப் போவது மாணவர்களிடம் மிகச் சாதாரணமாகக் காணும் பழக்கம்.

வகைக்கு ஒரு செயற்கூறு என்பதும் வரலாற்றில் பின்னால் வந்ததுதான். இரண்டாம் பதிப்பு வரை 'என்சிஆட்புட்' என்று ஒன்றே ஒன்று இருந்தது. வகையை நாமே ஒரு குறியால் சொல்லி, மதிப்பின் முகவரியை வகையற்ற சுட்டியாகக் கொடுக்க வேண்டும். டபுள் என்று சொல்லிவிட்டு ஃப்ளோட்டின் முகவரியைக் கொடுத்தாலும் தொகுப்பி வாயே திறக்காது. கோப்பில் குப்பை ஏறும். 1990-களின் பின்பாதியில் வந்த மூன்றாம் பதிப்பு இந்த ஓட்டையை அடைத்தது. என் கணிப்பில், வெளியில் யாரும் பெரிதாகப் பேசாத இந்த மாற்றம்தான் அந்தப் பதிப்பின் சிறந்த வேலை.

அடுத்து, எழுத்துச்சரத்தின் முடிவு. சி மொழியில் ஒரு சரம் எங்கே முடிகிறது என்று காட்ட, கடைசியில் பூஜ்ய பைட் ஒன்று இருக்கும். ஃபோர்ட்ரானில் அந்த வழக்கமே இல்லை. குறித்த நீளம் வரை வெற்றிடத்தால் நிரப்புவார்கள். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே கோப்பைப் படிக்க வேண்டும். எனவே நெட்சிடிஎஃப் முடிவுக்குறியை நம்பாமல், நீளத்தை எண்ணாகவே எழுதி வைக்கிறது. 'கெல்வின்' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 6 எழுத்து. எழுதும்போது 'ஸ்டிரிங் லெங்த்' செயற்கூறு 6 என்று தரும், கோப்பில் 6 எழுத்து போகும், பூஜ்யம் போகாது.

திரும்பப் படிக்கும்போதுதான் சிக்கல். 'என்சி இன்க் ஆட்லென்' நீளம் 6 என்று சொல்லும். 6 பைட் மட்டும் ஒதுக்கி, படித்து, அப்படியே அச்சிட்டால் என்ன ஆகும்? முடிவுக்குறி இல்லாததால் அச்சிடும் செயற்கூறு நினைவகத்தில் மேலும் மேலும் ஓடும். கெல்வினுக்குப் பின்னால் என்னென்னவோ எழுத்து வரும், சில நேரம் நிரலே விழுந்துவிடும். மோசம் என்னன்னா, சில நேரம் சரியாகவும் வரும். தற்செயலாக அடுத்த பைட்டில் பூஜ்யம் இருந்திருக்கும். செய்ய வேண்டியது: நீளத்தோடு ஒன்று கூட்டி 7 பைட் ஒதுக்குங்கள், படியுங்கள், கடைசி இடத்தில் பூஜ்யத்தை நீங்களே வையுங்கள்.

இன்னொன்று, கோப்பு முடிந்த பிறகு பண்புக்கூறைச் சேர்ப்பது. பழைய நெட்சிடிஎஃப் கோப்பில் தலைப்பகுதி முன்னால், எண்கள் அதை ஒட்டிப் பின்னால். 'என்சி ரீடெஃப்' என்று சொல்லி மீண்டும் வரையறை நிலைக்குப் போய், நீளமான ஒரு குறிப்பைச் சேர்த்தால், தலைப்பகுதி பெருக்கும். பின்னால் இருக்கும் எண்கள் எல்லாம் நகர வேண்டும். கோப்பு பல கிகாபைட் என்றால், ஒரு வரி விளக்கத்துக்காக முழுவதையும் இடம் மாற்ற நேரும். இதை எதிர்பார்த்து, முதலிலேயே தலைப்பகுதியில் கொஞ்சம் வெற்றிடம் விடவும் ஒரு செயற்கூறு உண்டு. 'எண்ட்டெஃப்' போலவே பெயர், ஆனால் இரட்டை அடிக்கோடு. பழைய மதிப்பை அதே நீளத்துக்குள் திருத்தினால் எந்த நகர்த்தலும் வேண்டாம். 2008-இல் வந்த நான்காம் பதிப்பு, இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் மீத்திறன் கணினி மையத்தில் பிறந்த எச்டிஎஃப்-5 வடிவத்தின் மேல் அமைந்தது. அதில் இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் பழைய வடிவம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

பண்புக்கூறு வெறும் குறிப்பு அல்ல, சில நேரம் கணக்கின் பாதியே அதில்தான் இருக்கும். இடம் மிச்சப்படுத்த, வெப்பநிலையை 2 பைட் முழு எண்ணாகச் சுருக்கி வைப்பார்கள். மாறியில் 1250 என்று இருக்கும். 'ஸ்கேல் ஃபாக்டர்' 0.01, 'ஆட் ஆஃப்செட்' 288.65 என்று இரண்டு பண்புக்கூறு. 1250-ஐ 0.01-ஆல் பெருக்கினால் 12.5, அதோடு 288.65-ஐக் கூட்டினால் 301.15 கெல்வின், அதாவது 28 பாகை செல்சியஸ். சி நூலகம் இந்தக் கணக்கை நமக்காகச் செய்யாது. பண்புக்கூறைப் படித்து நாமே பெருக்கிக் கூட்ட வேண்டும். அதேபோல் நிரப்பு எண்ணைச் சொல்லும் 'ஃபில் வேல்யூ' பண்புக்கூறு, மாறியின் வகையிலேயே இருக்க வேண்டும். மேலே பார்த்தோமே -9999, அதன் அடையாள அட்டை இதுதான்.

சொன்னால் போதுமா, ஒரே மாதிரி சொல்ல வேண்டாமா?

இடம் கொடுத்தாகிவிட்டது. இனி யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம். ஒருவர் 'டெம்ப்' என்பார், ஒருவர் 'டி' என்பார், மற்றொருவர் தன் மொழியில் எழுதுவார். 1995-இல் கோர்ட்ஸ் என்ற மரபு வந்தது. 2003-இல் அதை விரிவாக்கி சிஎஃப் மரபின் முதல் பதிப்பு வெளிவந்தது. ஒவ்வொரு இயற்பியல் அளவுக்கும் ஒரு பொதுப் பெயர்ப் பட்டியல், அலகு எழுதும் முறை, காலம் எழுதும் முறை எல்லாம் அதில் உண்டு.

இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்தது, அலகு பற்றிய பாடங்களில் அடிக்கடி வரும் செவ்வாய் விபத்து. 1998 டிசம்பரில் ஏவப்பட்ட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பர் 23-ஆம் நாள் தொலைந்து போனது. விண்கலம் தன் நிலையைச் சரிசெய்யச் சிறு உந்திகளை இயக்கும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு உந்தம் என்பதைத் தரையிலிருந்த ஒரு நிரல் கணக்கிட்டு ஒரு கோப்பில் எழுதியது. அது பவுண்டு-விசை வினாடியில் எழுதியது. அதைப் படித்த வழிச்செலுத்தல் நிரல் நியூட்டன் வினாடி என்று எடுத்துக்கொண்டது. வேறுபாடு ஏறக்குறைய 4.45 மடங்கு. சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் கடக்க வேண்டிய கலம், சுமார் 57 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது.

மெட்ரிக் அலகுதான் பயன்படுத்த வேண்டும் என்று விவரக்குறிப்பு ஆவணத்தில் இருந்தது என்பதைப் பலர் சொல்ல மறக்கிறார்கள். விதி எழுதப்பட்டிருந்தது. விதி இருந்த இடம் ஒன்று, எண் போன வழி வேறு. ஒரு பண்புக்கூறு இருந்திருந்தால் கலம் தப்பியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. படிக்கும் நிரல் அதைத் திறந்து பார்த்து ஒப்பிட்டிருக்கவும் வேண்டும். எழுதுவது பாதி வேலை, படிக்கும் பக்கம் சரிபார்ப்பது மீதிப் பாதி.

சிஎஃப் மரபில் எனக்கு மிகவும் பிடித்தது 'காலண்டர்' என்ற பண்புக்கூறு. நேரத்தை '1850 ஜனவரி 1 முதல் இத்தனை நாள்' என்று எழுதுவது வழக்கம். ஆனால் சில காலநிலை மாதிரிகள் கணக்கு எளிதாகட்டும் என்று ஆண்டுக்கு 360 நாள், மாதத்துக்கு 30 நாள் என்று வைத்துக்கொள்ளும். அங்கே பிப்ரவரி 30-ஆம் தேதி உண்டு! சில மாதிரிகளில் லீப் ஆண்டே கிடையாது. எந்த நாட்காட்டி என்று பண்புக்கூறில் பார்க்காமல் நாள் எண்ணினால், நூறு ஆண்டில் 500 நாளுக்கு மேல் பிசகிவிடும். 365.25-இலிருந்து 360-ஐக் கழித்து, 100-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

கோப்பின் பொதுப் பண்புக்கூறுகளில் 'ஹிஸ்டரி' என்று ஒன்று உண்டு. வரலாற்று ஆசிரியர்கள் இதை விரும்புவார்கள். கோப்பை யார், எந்த நாளில், எந்தக் கட்டளையால் மாற்றினார்கள் என்பதை வரி வரியாகச் சேர்த்துக்கொண்டே போவது இது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சார்லி செண்டர் உருவாக்கிய என்சிஓ என்ற கருவித் தொகுப்பு, கோப்பைத் தொடும் ஒவ்வொரு முறையும் தானாகவே இதில் ஒரு வரி எழுதும். அந்தத் தொகுப்பில் 'என்சிஆட்டெட்' என்ற கருவி பண்புக்கூறுகளுக்கென்றே சி மொழியில் எழுதப்பட்டது. சேர், புதிதாக உருவாக்கு, அழி, திருத்து, மேலெழுது என்று எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் செய்யும். அழித்தாலும், அழித்த செய்தி ஹிஸ்டரியில் நிற்கும்.

வகுப்பில் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு நெட்சிடிஎஃப் கோப்பை இறக்கி, 'என்சிடம்ப்' கட்டளையை 'எச்' விருப்பத்தோடு கொடுங்கள். எண்கள் வராது, தலைப்பகுதி மட்டும் திரையில் வரும். மாணவர்களிடம் நான்கு கேள்வி கேளுங்கள்: இது எதன் அளவு? எந்த அலகு? காணாமல் போன இடத்தில் என்ன எண்? இந்தக் கோப்பைக் கடைசியாகத் தொட்டது யார்? நான்குக்கும் விடை கிடைக்காத கோப்புகளும் நிறையவே அகப்படும். அவற்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.